தலைமாட்டுக் கல்

வியாழக்கிழமை விடியலில் காசிநாதன் கண்விழித்தபோது, அவனுடைய இரண்டு பாதங்களும் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் அழுந்தி நின்றன. படுத்திருந்தவனின் பாதங்கள்தாம் அவை. ஆயினும் நெடுநேரம் நின்றவனின் பாதங்களைப் போல உடலின் பாரம் முழுவதையும் வாங்கி, விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தலையணை நழுவி இடுப்புக்குக் கீழே கிடந்தது. வாயெல்லாம் புளிப்பு. நெஞ்செலும்புக்குப் பின்னால், சூளையின் அடித்தணலைப் போல அணையவும் மறுத்து எரியவும் மறுத்து ஒரு காந்தல். எச்சிலை விழுங்கினான். தொண்டைக்குள் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தது போலிருந்தது.

இறங்கி, தரையில் உட்கார்ந்து, தலைமாட்டைப் பார்த்தான். இரும்புக் கட்டிலின் இரு தலைக்கால்களுக்கும் அடியில் காலுக்கொன்றாக இரண்டு கருங்கல் துண்டுகள். ஐந்து நாள்களுக்கு முன் அவனே வைத்தவை. வைத்த அன்று கையை விரித்து அளந்திருந்தான். கட்டைவிரல் தரையில், சுண்டுவிரல் கல்லின் மேல்விளிம்பில்; சரியாக ஒரு சாண்.

இப்போதும் கையை விரித்து வைத்தான். சாண் முடிந்தது. கல் முடியவில்லை. மேலே இன்னும் நான்கு விரற்கடை இருந்தது.

"கோகிலா," என்று அழைத்தான். குரல், துருப்பிடித்த தாழ்ப்பாளைப் போலக் கரகரத்தது. "கட்டிலுக்கு அடியில வேற கல்லு வச்சியா?"

அடுக்களையிலிருந்து அவன் மனைவி கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். கையில் அவனுக்கான கஞ்சி டம்ளர்.

"நானா? கழுவி ஊத்துறது, கஞ்சி காச்சுறது, உங்க மாத்திரைக்கு நேரம் பாக்கறது, இதெல்லாம் பத்தாதுன்னு உங்க கட்டிலத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கறதுதான் பாக்கி. இந்தாங்க, ஆறிப் போவும்."

"ஒசரம் ஜாஸ்தியா இருக்குது."

"ராத்திரி முச்சூடும் கொமட்டிக்கினு கெடந்தா எல்லாந்தான் ஜாஸ்தியாத் தெரியும். குடிங்க."

குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும் கழுத்து நரம்பு புடைத்தது.

காசிநாதன் கச்சிராயபாளையம் சாலையில் இருந்த ஒரு செங்கல் சூளையின் மேஸ்திரி. பதினாறு ஆண்டுகளாக மேஸ்திரி. ஏரி மண்ணைக் குழைப்பவர்கள், அச்சில் அறுப்பவர்கள், காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லைத் தலையில் சுமந்து சூளைக்குக் கொண்டுபோகிறவர்கள் என நாற்பது பேரை அவன் வாய் ஒன்றே ஆண்டது. பாதிப் பேர் கல்வராயன் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்தவர்கள். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அவன் கத்தினால் அந்தக் கோடியில் உட்கார்ந்தவன் எழுந்து நிற்பான். அந்த வாய்தான் இப்போது, ஒரு மாதமாக, அடைத்துக்கொண்டு வருகிறது.

கள்ளக்குறிச்சியில் மருத்துவரிடம் காட்டினான். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கிறது என்றார் மருத்துவர். வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. உண்டபின் வெண்ணிற மருந்து. காரமில்லை, புளியில்லை, தேநீரில்லை.

"தலையாணிய அடுக்கினா பத்தாதுங்க. கட்டிலோட தலைப்பக்கத்தையே ஒரு சாண் தூக்குங்க, காலுக்கடியில கல்லு எதனா வச்சு. குனியாதீங்க. முக்கியமா, பாரம் தூக்காதீங்க."

பாரம் தூக்காதே! அவன் வாழ்நாளில் பாரம் தூக்கியவன் அல்லன், தூக்கச் சொன்னவன். ஏழு மாதக் கருவைச் சுமந்த ஒருத்தியிடம் இந்த ஒரு வரியைச் சொல்ல, அந்தச் சூளையில் ஒரு நாவும் இருக்கவில்லை.

அவள் பெயர் கலையரசி. வயது இருபத்திரண்டு. மலையிலிருந்து கணவன் செழியனோடு வந்தவள். பங்குனி மாதத்து உச்சிவெயிலில், சும்மாட்டின் மேல் பலகை, பலகையின் மேல் பன்னிரண்டு பச்சைக்கல்லோடு, காசிநாதனின் முன்னால் வந்து நின்றாள். தலையில் ஏறிய சுமையைத் தானாக இறக்க எந்த மனிதப் பிறவிக்கும் இயலாது. எதிரில் நிற்பவர் இரண்டு கையைக் கொடுக்க வேண்டும். அவன் கையெட்டும் தூரத்தில் நின்றான்.

"அண்ணே, கொஞ்சம் எறக்கி வச்சிக்கட்டுமா?"

பச்சைக்கல்லை நடுவழியில் இறக்கினால் முனை உடையும். எடுத்த சுமை சூளையில்தான் இறங்க வேண்டும் என்பது களத்துச் சட்டம். சட்டத்தைப் போட்டது முதலாளி; காத்தது அவன்.

"சூளையில போய் எறக்கு."

பதினொரு அடி நடந்தாள். பன்னிரண்டாவது அடிக்குக் கால் எழவில்லை. தாயும் சிசுவும் ஆம்புலன்ஸ் வருமுன்னரே முடிந்துபோனார்கள். அடிகளை அவன் எண்ணியிருந்தான் என்பது அவனைத் தவிர வேறெவருக்கும் தெரியாது.

அன்று அவள் வேலைக்கே வரவில்லை, குடிசையருகே வழுக்கி விழுந்தாள் என்று முதலாளி வாய்மொழியாக ஒரு கதை கட்டினார். காசிநாதன் அதற்குத் தலையசைத்தான். செழியன் மனுக்கொடுத்தான், விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அவள் சுமையோடு நடந்ததைக் கண்ணால் கண்டு, அதைச் சொல்லவும் கூடிய ஒரே சாட்சி மேஸ்திரி. மற்றவர்களை முதலாளி அடுத்த வாரமே வேறு மாவட்டத்துச் சூளைகளுக்கு அனுப்பிவிட்டார்.

செழியன் இன்னொன்றும் செய்தான். கருவோடு இறந்த பெண்ணின் சுமை இறங்காது என்பார்கள். அவளுக்காகப் பாதையோரம் இரண்டு கல்லை ஆளுயரத்தில் நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். வழிப்போக்கர் எவர் துணையுமின்றி அதில் தம் சுமையை இறக்க, அவளுடைய சுமையும் சிறிது சிறிதாகக் குறையுமாம். அந்தச் சுமைதாங்கியைச் சூளை வழியில், அவள் விழுந்த இடத்திலேயே நட்டான். ஊரார் அந்த வழியே நடக்க அஞ்சினார்கள். பிள்ளைத்தாச்சி செத்த இடம் என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். இறந்தவளுக்கு அஞ்சத் தெரிந்த ஊருக்கு, ஏழு மாதத்தில் அவள் ஏன் கல் சுமந்தாள் என்று உயிரோடிருப்பவர்களைக் கேட்கத் தெரியவில்லை.

விசாரணைக்கு முன் அதை அகற்று என்றார் முதலாளி. கூலியாள் ஒருவனும் தொட முன்வரவில்லை. காசிநாதன் தானே சம்மட்டியை எடுத்தான். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று தன்னையே மெச்சிக்கொண்டான். அவனிடம் இல்லாதவற்றில் மூடநம்பிக்கையும் ஒன்று, அவ்வளவே. நட்ட கற்கள் துண்டுதுண்டாயின. மருத்துவர் சொன்ன ஒரு சாண் நினைவுக்கு வந்தது. அளவாக இரண்டு துண்டுகளைப் பொறுக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். கல்லுக்கு என்ன தெரியும்?

விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு.

அன்று மாலை முதலாளி தொலைபேசியில் பேசினார். "இன்னா காசி, தொண்டை எப்பிடிக்குது? எத்த வேணா முழுங்கு, முழுங்காத. நாளைக்கு மட்டும் நாக்கு ஒழுங்காத் திரும்பட்டும். அவ தூக்குனான்னு நீ சொன்னா, தூக்கச் சொன்னவன் யாருன்னு அடுத்த கேள்வி வரும். உள்ள போறது நான் மட்டுமில்ல."

இரவு கோகிலவாணி கூடத்தில் பாயை விரித்தாள். அவன் இருமலில் அவளுக்குத் தூக்கம் போய் மூன்று வாரமாகிறது. அவன் அறையில் தனியே படுத்தான். விசிறி சுழன்றது. மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் அறுத்துப்போட்ட கரும்புத் தோகையின் வாடையும், சாலையில் கியர் மாற்றும் லாரிகளின் முனகலும், அண்டை வீட்டு மாட்டின் கழுத்து மணியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அடங்கியபின் வேறொரு வாடை வந்தது. மழை இல்லாத சித்திரையில், நனைந்து குழைந்த ஏரி மண்ணின் வாடை. மூக்கின் வழியாக வரவில்லை அது. தொண்டைக்குள்ளிருந்து வந்தது.

எதுக்களித்தது. எழுந்து வாயருகே பாத்திரத்தை வைத்துத் துப்பினான். வழக்கமான புளித்த நீர். ஆனால் நாக்கில் ஏதோ நறநறத்தது. கைபேசியின் வெளிச்சத்தைப் பாத்திரத்துக்குள் காட்டினான். நீர் தெளிந்துகொண்டிருந்தது; அடியில் செம்மண் வண்டல், மாவாய்ச் சலித்ததைப் போல, மெல்ல இறங்கிப் படிந்துகொண்டிருந்தது.

இரத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இரத்தமாக இருந்தால் நல்லது என்றுகூட எண்ணினான்.

மீண்டும் சாய்ந்தான். உடல் சறுக்கியது. முழங்கால்களை மடித்து, குதிகால்களை ஊன்றிக்கொண்டான். அப்போதுதான் அது கேட்டது. கொல்லைப்புறத்தில், சுவருக்கு அப்பால், வெறுங்கால் மண்ணில் பதியும் ஓசை. வேகமில்லாத, பாரம் சுமக்கும் கால். ஒன்று. நெடிய இடைவெளி. இரண்டு. மூச்சு வாங்கும் ஓசை. மூன்று. அவன் எண்ண விரும்பவில்லை. எண்ணினான். ஏழு, சுவருக்கு அந்தப் பக்கம். எட்டு, இந்தப் பக்கம். ஒன்பது, தரையின் சிமெண்டில் ஈரமாக ஒட்டிப் பிரிந்தது. பத்து.

பதினொன்று, அவன் தலைக்கு நேர் கீழே.

விழும் ஓசைக்காகக் காத்திருந்தான். விடியும்வரை காத்திருந்தான். எதுவும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நாற்காலிகள் நான்கு இருந்தன. ஒன்றில் அதிகாரி. சுவரோரமாகச் செழியன் நின்றான். உட்காரச் சொல்லியும் நின்றான். கையில் ஒரு பழைய சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்திருந்தான்.

"சம்பவம் நடந்தன்னைக்கு அந்தப் பொண்ணு சூளையில சுமை தூக்குனாங்களா, இல்லையா?" என்று அதிகாரி அம்மையார் கேட்டார். "நீங்க கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க."

காசிநாதன் வாயைத் திறந்தான். இரண்டு சொற்கள் மேலேறி வந்தன. ஒன்று பொய், அதற்கு அவன் நேற்றெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். மற்றொன்றை அவன் அழைக்கவே இல்லை. அது எரிந்துகொண்டே ஏறி வந்து, உள்நாக்கின் அடியில் நின்றது. 'தூக்கினாள்.' ஐந்து எழுத்து. வாயைத் திறந்தே வைத்திருந்தால் அது தானாக விழுந்திருக்கும். செழியன் சுவரிலிருந்து ஓரடி முன்னே வந்தான்.

காசிநாதன் வாயை மூடி, விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது. தொண்டையைக் கையால் சுட்டிக் காட்டினான்.

"பேச முடியலைன்னா எழுதிக் குடுங்க. அவசரமில்ல. நடந்ததை எழுதுங்க."

வெள்ளைத்தாள் வந்தது. பேனா வந்தது. தொண்டை புண்ணானவனுக்குக் கை நலமாகத்தான் இருந்தது. *அன்றைய தினம் அவர் வேலைக்கு வரவில்லை* என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

வெளியே வேப்பமரத்தடியில் செழியன் அவனை நிறுத்தினான். சத்தம் போடவில்லை.

"கேஸு எப்பிடியோ போவட்டும்ணே. அந்தக் கல்ல உடைச்சது நீங்கதான்னு தெரியும். எங்க போட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க. துண்டா இருந்தாலும் பரவால்ல, பொறுக்கியாந்து அடுக்கிடறேன். அவ எறக்காமலே நின்னுகினு கெடக்கறாண்ணே."

காசிநாதன் மீண்டும் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். தலையை ஆட்டினான். வண்டியை உதைத்தான். கண்ணாடியில், சும்மாட்டுத் துணியோடு நின்றவனின் உருவம் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலைப் புரட்டினான். கற்கள் ஒன்றரைச் சாண் இருந்தன. அளக்கவில்லை, கண்ணே அளந்தது. சாக்கில் கட்டி வண்டியில் வைத்து, ஏரிக்கரையில் மண் அள்ளி நீர் தேங்கிய பெரும்பள்ளத்தில் உருட்டிவிட்டான். செழியனிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகும். இரண்டு முறை நீர் கொப்பளித்து அடங்கியது.

அன்று மாலை தொண்டையில் வலி இல்லை.

அவனுக்கே நம்ப முடியவில்லை. ஒரு மாதத்துக்குப் பின் முதன்முதலாக ரசம் ஊற்றிச் சோறு கேட்டான்.

"கல்ல எடுத்துட்டீங்க, கட்டில் சமமாக் கெடக்குது. ராத்திரி மேல ஏறுச்சுன்னா என்னிய எழுப்பாதீங்க," என்றாள் கோகிலவாணி.

"ஏறாது."

"டாக்டருக்கே டாக்டரு. கம்மியாத் தின்னுங்க."

சிரித்தான். குரலும் ஓரளவு திரும்பியிருந்தது. மல்லாந்து, கட்டில் மட்டமாக, கால் நீட்டிப் படுத்தான். உடனே உறங்கினான்.

விழித்தபோது பாதங்கள் கம்பியில் அழுந்தியிருந்தன.

இருள். மின்சாரம் போயிருந்தது, விசிறி நின்றிருந்தது. கூடத்தில் கோகிலவாணியின் சீரான குறட்டை. ஒரு குரல் எட்டும் தூரம்தான். தலையணை இல்லை. முதுகு வழுக்கியது. இரு கைகளாலும் சட்டத்தைப் பற்றினான். இரும்பு முனகியது.

கல் இல்லை. கல்லை எடுத்தாயிற்று. ஏரியில் போட்டாயிற்று.

ஆனால் கட்டிலின் தலைப்பக்கம் இப்போது மட்டமாக இல்லை.

உயர்ந்தது. ஒரு விரற்கடை. நின்றது. மீண்டும் ஒரு விரற்கடை. அசைந்து, சமன் பார்த்து, நின்றது. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு சுமையைச் சமன் பார்க்கும் அசைவு அது. பதினாறு ஆண்டுகள் அதைப் பார்த்தவன் அவன். ஆயிரம் முறை பார்த்தவன்.

மூச்சு. அவனுடையது அன்று. கீழிருந்து.

நனைந்த மண்ணின் வாடை.

"கோகிலா" என்றான். என்றதாக நினைத்தான். ஒலி இல்லை. உதடுகள் பிரிந்தன, நாக்கு அசையவில்லை. அதன் மேல் ஏதோ கனத்துக் கிடந்தது.

கைபேசி தலைமாட்டில் இல்லை. சறுக்கி இடுப்பருகே கிடந்தது. தடவி எடுத்தான். வெளிச்சம். எதிர்ச்சுவரில் கட்டிலின் நிழல் சாய்ந்து நின்றது. ஆளுயரத்துக்கு.

குனியாதீர்கள் என்றிருந்தார் மருத்துவர்.

குனிந்தான். சட்டத்தின் ஓரமாகத் தலையைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் கீழே காட்டினான். நெஞ்சிலிருந்து நெருப்பு தொண்டைக்குப் பாய்ந்தது. தரை தெரிந்தது. தரையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வீங்கிய பாதங்கள். கணுக்கால் தெரியாமல் நீர்கோத்த, ஏழு மாதத்துப் பாதங்கள். குதிகால் வெடிப்புகளில் காய்ந்த செம்மண். பெருவிரல்கள் சிமெண்டைப் பற்றிக்கொண்டிருந்தன. நடுங்கின.

"அண்ணே."

களைத்த குரல். சினமில்லாத குரல். அன்று கேட்ட அதே குரல்.

"கொஞ்சம் எறக்கி வச்சிக்கட்டுமா?"

எறக்கு. அந்த ஒரு சொல்தான். இப்போது அதைச் சொல்ல அவனுக்கு முழு மனம் இருந்தது. உயிரையே கொடுத்தாவது சொல்ல விரும்பினான். எறக்கும்மா, எறக்கு. நெஞ்சு உந்தியது. சொல் ஏறியது. தொண்டையில் நின்றது. வாயை அகலத் திறந்தான்.

மண் விழுந்தது.

ஈரமாக, கட்டியாக, வாய் நிறைய. துப்பினான். நிறைந்தது. மீண்டும் துப்பினான். மீண்டும் நிறைந்தது. மூக்கால் இழுத்த மூச்சிலும் மண். கூடத்தில் குறட்டை ஒரு கணம் நின்று, புரண்டு, தொடர்ந்தது.

பாதங்கள் காத்திருந்தன. விடை வரும்வரை சுமையை இறக்கத் தெரியாத பாதங்கள்.

கைபேசி நழுவியது. தரையில் விழுந்து மல்லாந்தது. அதன் வெளிச்சம் கட்டிலின் அடியில் பரவியது. அதுவரை நிழலில் இருந்த இடம் துலங்கியது.

அந்த இரண்டு பாதங்களுக்கு நடுவே இன்னும் இரண்டு இருந்தன. கட்டைவிரல் அளவே ஆனவை. செம்மண் பூசியவை. நிற்கும் வயதை ஒருநாளும் எட்டாதவை.

நின்றுகொண்டிருந்தன.